போகவிட்ட பஸ்

“இந்தக் கறை போகாதுங்க” என்று தினமும் பத்துப் பேரிடமாவது முகத்துக்கு நேரே சொல்பவள் சின்னவள். சலவைக் கடையில் அவள் வேலையே அதுதான். துணியை வாங்கும்போதே வெளிச்சத்தில் விரித்து, காலர், கைமடிப்பு, பாக்கெட் ஓரம் என்று பார்த்து, எது போகும், எது போகாது என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் நம்பர் சீட்டைக் குத்தலாம். சொல்லாமல் வாங்கினால் பழி கடை மேல் விழும்.

அப்படிப்பட்டவளுக்கு அன்று காலையில் ஒரு போன் வந்தது. பேசி முடித்தபோது, அப்பாவிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் அவள் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

போன் செய்தவர் திரைப்பட விழாவின் ஒருங்கிணைப்பாளர். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு வைத்திருப்பாள்.

கொஞ்ச நாளாக வீட்டில் நடக்கிற ரகளையெல்லாம் இந்த விழாவைச் சுற்றித்தான். அப்பா பத்திரிகையில் பட விமர்சனம் எழுதியே தலை நரைத்தவர். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகும் பார்வை திரும்பவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் சினிமா என்ற சொல்லையே எடுக்கவில்லை. அவரே எடுத்தார். விழாவுக்கு முன்னால் பரிசு வாங்கிய படங்களை வீட்டிலேயே ஓடவிட்டுப் பார்க்க லிங்க் அனுப்புகிறார்கள், நான் அறிமுகம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். போதாததற்கு, அதில் ஒரு படத்தின் இயக்குநரோடு சனிக்கிழமை மேடையில் உட்கார்ந்து உரையாடவும் போகிறாராம்.

வெளிநாட்டில் இருக்கிற பெரியவள், அப்பா ஊர் முன்னால் அவமானப்படப் போகிறார் என்று போனில் அழுதாள். விழாக் கமிட்டியிலும் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அப்பா அசையவில்லை. “எனக்குப் பதிலா உங்கம்மா பார்ப்பா. அவ சொல்லுவா, நான் யோசிப்பேன்” என்றார்.

அப்படித்தான் நடந்தது. முன்னறையில் டிவி. பக்கத்து ஸ்டூலில் லேப்டாப். சோபாவில் அப்பா, அவர் இடது காதுப் பக்கம் அம்மா. திரையின் அடியில் ஓடுகிற எழுத்தைப் படிப்பாள், ஆட்கள் முகம் சொல்வாள், சன்னல் திரையின் நிறம்கூடச் சொல்வாள். பேச்சு வேகமாகிவிட்டால் படத்தை நிறுத்தி வைத்துச் சொல்லி முடிப்பாள். இரண்டு மணி நேரப் படம் வீட்டில் அரை நாள் ஓடும்.

அம்மா வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எவரிடம் எதை எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது அவள் ரத்தத்தில் ஊறியது. வார்டில் ஆள் போய்விட்டால்கூட, “கொஞ்சம் அசதியா இருக்கார், டாக்டர் பேசுவார்” என்று சொந்தக்காரர்களைக் கைப்பிடித்து உட்கார வைத்த பிறகுதான் வாயைத் திறப்பாள். படத்திலும் அதே பழக்கம். போன வாரம் ஒரு படத்தில் கிராமத்தையே கொளுத்தினார்கள். “அங்க ஒரு சின்ன தகராறு நடக்குதுங்க” என்றாள். அப்பா, “சிஸ்டர், எவ்வளவு பேர் செத்தாங்கன்னு சொல்லுங்க” என்று கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. அம்மா மேல் எரிச்சல் வந்தால் அப்பா அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்குச் சின்னவளும் சேர்ந்து சிரித்தாள்.

இப்போது ஒருங்கிணைப்பாளர் போனில் அப்பாவின் அறிமுகத்தை வாசித்துக் காட்டினார். படுக்கையில் விழுந்த கணவனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழவியைப் பற்றிய படம் அது. அப்பா எழுதியிருந்தார்: ‘வந்து நின்ற பஸ்ஸை அவள் போகவிடுகிறாள். திரும்பி வந்து கணவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறாள். ஆனால் போகவிட்ட பஸ்ஸின் சத்தம் அவளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்தை நமக்கும் கேட்கவைத்ததில் இருக்கிறது இந்த இயக்குநரின் மேதைமை.’

வாசித்துவிட்டு அவர் தயங்கிச் சொன்னார்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கார்மா. ஆனா அந்தம்மா பஸ்ல ஏறிப் போயிடறாங்க. ஆரஞ்சே இல்ல படத்துல.”

விழா மலர் இன்று சாயங்காலம் அச்சுக்குப் போகிறதாம். அதற்குள் திருத்தித் தந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம். மேடையிலும் வேறு ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளலாம், சாரை முன்வரிசையில் உட்கார வைத்துப் பூங்கொத்து கொடுத்து மரியாதை செய்துவிடலாம் என்று அவர் அவ்வளவு பதமாகச் சொன்னார். அப்பா பூங்கொத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பது சின்னவளின் கண்ணுக்குள் வந்துபோனது.

சாயங்காலத்துக்குள் திருத்தி அனுப்புவதாகச் சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

மதியம் கடை முதலாளி அக்கா சாப்பிட உட்கார்ந்ததும், சின்னவள் பின்கட்டுக்குப் போய், பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே நின்று, அப்பாவுக்கு வந்த லிங்க் வழியாகப் போனில் அந்தப் படத்தைத் திறந்தாள். கடைசி அரைமணி நேரத்துக்குத் தள்ளினாள். அங்கே சிக்னல் எப்போதும் நோஞ்சான். கிழவி நாலடி நடப்பாள், வட்டம் சுற்றும். இன்னும் நாலடி நடப்பாள், மறுபடி சுற்றும். ஒரு பஸ் நிறுத்தம் வரை அந்தக் கிழவியைக் கொண்டு சேர்ப்பதற்குள் சின்னவளுக்கு வியர்த்துவிட்டது.

கிழவி பஸ்ஸில் ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் போனது, போய்க்கொண்டே இருந்தது. படம் முடிந்தது.

அம்மா மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிராமத்தைக் கொளுத்தியதைத் தகராறு என்பது வேறு. நடக்காத ஒன்றை நடத்திக் காட்டுவது வேறு. அதுவும் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கவைத்திருக்கிறாள். எங்கிருந்து பிடித்தாள் அந்த ஆரஞ்சை.

போன் அதிர்ந்தது. அப்பா.

“சின்னு, நம்ம படத்தை யாரோ வேற இடத்துல பாத்துட்டு இருக்காங்களாம். எனக்குத் திறக்க மாட்டேங்குது. லேப்டாப்ல இருக்கற அந்தப் பொம்பளை திரும்பத் திரும்பச் சொல்றா.”

லேப்டாப் பொம்பளை என்பது திரையில் வருவதை வாசித்துச் சொல்லும் குரல். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் படம் ஓடும் என்பதைச் சின்னவள் மறந்தே போயிருந்தாள். நான்தான் என்றாள். சும்மா, என்ன படம் என்று பார்க்கலாமே என்று திறந்ததாக இழுத்தாள்.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல படம், அவசரப்படாமல் பார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“கடைசியில பஸ் போற சத்தத்தை மட்டும் நல்லாக் கேளு. வெளியில நின்னு கேட்டா சத்தம் தேயும். இது தேயவே மாட்டேங்குது. உள்ள உக்காந்து கேக்கற மாதிரி இருக்கு. நான் என்னவோ பெரிசா எழுதித் தள்ளிட்டேன், ஆனா காது நம்ப மாட்டேங்குது.”

அதற்காகத்தான் தனியாகத் திறந்து பார்த்திருக்கிறார். அம்மா குளிக்கப் போன நேரமாகப் பார்த்து.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். பின்னால் நீராவி இஸ்திரிப் பெட்டி சீறியது, முன்னால் அக்கா கூப்பிட்டாள், சின்னவள் வீட்டுக்கு வந்து பேசறேன்பா என்று வைத்துவிட்டாள். அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தவள் இப்போது தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள்.

அரைநாள் லீவு கேட்டபோது அக்கா, உங்கள் வீட்டில் சினிமா பார்ப்பதற்கெல்லாம் லீவு கேட்கிறீர்களே, எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கே கேட்டதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் அப்பா முன்னறையில் இல்லை. குளியலறையிலிருந்து அவர் குரல் கேட்டது. சனிக்கிழமைக்கு ஒத்திகை. “நாங்கள் எல்லோரும் அவள் ஏறிவிடுவாள் என்றே நினைத்தோம். அந்த பஸ்ஸை ஏன் போகவிட்டீர்கள்?” ஒருமுறை கம்பீரமாக, ஒருமுறை மெதுவாக, ஒருமுறை சிரித்துக்கொண்டு கேட்டுப் பார்த்தார். இதை அந்த இயக்குநரின் முன்னால், அரங்கம் நிறைய ஆட்கள் முன்னால் கேட்கப் போகிறவர்.

சின்னவள் நேரே அடுப்படிக்குப் போனாள். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆரஞ்சு எங்கேருந்துமா வந்துச்சு?”

அம்மாவின் கை நின்றது. குழாயை மூடவில்லை, இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள், தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு வெளியே போகாமல் இருக்க. ஒருங்கிணைப்பாளர் போன் செய்ததையும், சாயங்காலக் கெடுவையும், பூங்கொத்தையும் சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடித்தாள். மற்ற படங்களில் என்னென்ன செய்து வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். மற்றதிலெல்லாம் சாவைச் சாவென்றுதான் சொன்னேன், கொஞ்சம் தாமதமாகச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான் என்றாள் அம்மா. இதில் மட்டும்தான்.

“ஏன் இதுல மட்டும்?”

“பக்கத்துல உக்காந்திருக்கார். என் கையைப் புடிச்சிட்டு உக்காந்திருக்கார். அவ பஸ் ஏறிப் போயிட்டான்னு அவர் காதுல நான் எப்படிச் சொல்றது?”

“படம்மா அது.”

“உனக்குப் படம்.”

சின்னவள் போய்ச் சொல்லு என்றாள். அம்மா, போன் உனக்குத்தானே வந்தது, நீ சொல்லு என்றாள். நீ செய்ததை நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இவள். நான் சொன்னால் இனி நான் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார் என்று அவள். இப்படியே இரண்டு பேரும் ஒரே வாணலியை மாற்றி மாற்றித் துலக்கினார்கள். அதில் ஒரு பொட்டுக் கரிகூட மிச்சமில்லை.

சொல்ல முடியாததைக் காட்டிவிடலாம் என்று சின்னவளுக்குத் தோன்றியது. அப்பா வெளியே வந்ததும், லிங்க் இன்றோடு முடிகிறது, கடைசிப் பகுதியை இன்னொரு தடவை பார்க்கலாம், இந்தத் தடவை நான் சொல்கிறேன் என்றாள். லிங்க் முடிவது உண்மைதான். அப்பா சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் சோபாவில் வந்து உட்கார்ந்தார்.

சின்னவளுக்குப் படம் சொல்ல வரவில்லை. முடிவுக்கு அரைமணி நேரம் முன்னாலிருந்து தொடங்கினாள், அரை நிமிஷத்தில் மாட்டிக்கொண்டாள்.

“கிழவி ஒரு மாதிரி பாக்கறாப்பா.”

“எந்த மாதிரி?”

“சோகமா.”

“சோகம்னு நான் முடிவு பண்ணிக்கறேன். நீ முகத்தைச் சொல்லு.”

அவள் முகத்தைப் பார்ப்பதற்குள் அடியில் எழுத்து ஓடிவிட்டது. எழுத்தைப் படிப்பதற்குள் கிழவி அறையை விட்டே போய்விட்டாள். இப்போது யார் பேசுகிறார்கள் என்று அப்பா கேட்டார், தெரியவில்லை என்றாள். யார் இருமினார்கள் என்று கேட்டார், கவனிக்கவில்லை என்றாள். ரேடியோவில் கிரிக்கெட் சொன்னவன்கூட இதைவிடப் படம் காட்டுவான் என்று அப்பா சலித்துக்கொண்டார். உலகத்திலேயே எரிச்சலான வேலை அம்மா இத்தனை நாள் செய்த இந்த வேலைதான் என்று சின்னவளுக்குப் பட்டது.

அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்த அம்மாவுக்கும் பொறுக்கவில்லை.

“கீழுதட்டைக் கடிச்சிட்டு இருக்கா. கையில சாவி. அதைப் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட கொடுக்கறா. அவ எதுக்குன்னு கேக்கல.”

“வந்து உக்காருங்க சிஸ்டர்” என்றார் அப்பா. “இவளை நம்பினா படம் முடிஞ்சிடும்.”

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் இடத்தில், அவர் இடது காதுப் பக்கம், உட்கார்ந்தாள். சின்னவள் தரையில் இறங்கிக்கொண்டாள். கிழவி மாடிப்படி இறங்குவதை அம்மா சொன்னாள். தெருவைச் சொன்னாள், காற்றில் சுருண்டு ஓடும் காகிதத்தைச் சொன்னாள். நிறுத்தத்தில் பெஞ்சு காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை என்றாள். சின்னவள் அம்மாவின் வாயையே பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

தூரத்தில் பஸ் சத்தம். அருகில் வந்தது. நின்றது.

அப்போது படமும் நின்றது. திரையின் நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

“என்ன ஆச்சு?” என்றார் அப்பா.

“சுத்துதுப்பா” என்றாள் சின்னவள்.

படம் ஓடிக்கொண்டிருந்தால் அம்மாவுக்கு அடுத்த காட்சிக்குத் தாவ வழி இருந்திருக்கும், ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கடந்திருப்பாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் பின்னால் படம் கல்லாக நின்றது.

“எந்த இடத்துல நிக்குது?” என்று அம்மா பக்கம் திரும்பிக் கேட்டார் அப்பா.

“பஸ் வந்திருக்கு. கதவு திறந்திருக்கு.”

“அவ?”

அப்பா காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, சிஸ்டர் என்றும் கூப்பிடவில்லை.

“ஒரு காலைப் படியில வெச்சிருக்கா” என்றாள் அம்மா.

அப்பாவின் கை அம்மாவின் கை மேல் இருந்தது. அது நகரவில்லை. ஆனால் விரல்கள் பிடியைத் தளர்த்தியதைத் தரையில் இருந்த சின்னவள் பார்த்தாள்.

வட்டம் மறைந்தது. படம் ஓடியது. அம்மா ஒன்று விடாமல் சொன்னாள். ஏறிவிட்டாள். சன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். பையை மடியில் வைத்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தாளா என்று அப்பா கேட்டார். பார்க்கவில்லை என்றாள். அழுகிறாளா என்று கேட்டார். இல்லை, தலைமுடியைச் சரி செய்துகொள்கிறாள் என்றாள். பஸ் சத்தம் தேயாமல் முன்னறை முழுக்க ஓடியது, முடிவில் பெயர்கள் வரும் வரை ஓடியது.

“காதுதான் சரி” என்றார் அப்பா.

சின்னவளுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. ஒருங்கிணைப்பாளரின் போனையும் பூங்கொத்தையும் அப்படியே கொட்டிவிட்டாள். அப்பா கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் அந்த அறிமுகத்தை வாசிக்கச் சொன்னார். போகவிட்ட பஸ்ஸின் சத்தம் அவளுக்குள் ஓடுகிறது என்ற இடம் வந்ததும், “என்னமா விட்டிருக்கேன் கதை” என்று மட்டும் சொன்னார். கசப்பாகச் சிரித்தார். இருபது வயசுப் பையன் எவனாவது இதை எழுதியிருந்தால் என் பேனா அவனைக் கிழித்திருக்கும் என்றார். நான் எழுதினதால் மேதைமை.

பிறகு எழுதிக்கொள் என்றார். நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. ‘அவள் ஏறிவிடுகிறாள். இயக்குநர் அவளைத் தடுக்கவில்லை. நமக்குத்தான் தடுக்கத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. அதனால் முதல் தடவை நான் இந்தப் படத்தைத் தவறாகப் பார்த்தேன்.’

சின்னவள் அனுப்பினாள். அம்மா எழுந்து போகப் பார்த்து, கை அவர் கைக்குள் இருந்ததால் உட்கார்ந்துகொண்டாள். ஒருங்கிணைப்பாளரின் பதில் வந்தது. கடைசி வரியை மாற்ற வேண்டாம், சனிக்கிழமை வாசலுக்கே வந்து அழைத்துக்கொள்கிறேன், கூட யார் வருகிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். மேடை கைவிட்டுப் போகவில்லை. சின்னவள் சத்தமாக வாசித்தாள், ஆனால் அந்த அறையில் அது சந்தோஷச் செய்தி மாதிரியே ஒலிக்கவில்லை.

“கூட யார் வராங்கன்னு என்ன போடட்டும்பா?”

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. முகத்தை அம்மா பக்கம் திருப்பினார். சரியாக அவள் கண் இருக்கும் இடத்துக்கே திருப்பினார்.

“சிரமம்னா சொல்லியிருக்கலாமே. அவ போனா போகட்டும்னு விடாம எதுக்கு வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டு வந்தே?”

“நீங்க என்னைப் பத்தி நினைச்சிடுவீங்களோன்னு.”

“இப்ப நினைக்கறேன்.”

அம்மா சேலை நுனியைச் சுருட்டினாள். சின்னவள் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள்.

“நீ எப்பவாவது கால் வெச்சிருக்கியா?” என்றார் அப்பா. “படியில.”

படுக்கையில் இருப்பவர்களிடம் பேசுகிற அந்தப் பதமான குரல் வரும், அதெல்லாம் இல்லைங்க என்று ஏதாவது சொல்லிக் கையைத் தட்டிக்கொடுப்பாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அந்தக் குரல் வரவில்லை.

“ரெண்டு தடவை” என்றாள் அம்மா.

சொல்லிவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இத்தனை வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்த சின்னவளுக்கு, அதில் ஒன்றுகூடத் தெரியாது.

அப்பா வெறும் திரைப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“ஒண்ணு எனக்குத் தெரியும்” என்றார்.

இன்னொன்று எது என்று அவர் கேட்கவில்லை.